மறுப்பதற்கு முன் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும்

கேள்வி: ஐயா, வணக்கம். மயிலாடுதுறை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்துகிறேன். பாடத்தை மனப்பாடம் செய்து எழுதுவதோடு நிற்காமல், சமூகப் பொருளாதாரப் பிரச்சினைகளைப் பற்றிப் பிள்ளைகள் யோசித்து வாதாட வேண்டும் என்று ஆசைப்பட்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் விவாதம் ஆரம்பித்தேன். முதல் தலைப்பு, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம். வீட்டில் யாரோ எழுதிக் கொடுத்ததைச் சிலர் ஒப்பித்தார்கள். அப்புறம் ஒரு பையன் 'ஓசி பஸ்' என்று சொல்ல, ஒரு மாணவி அழுதுவிட்டாள். அவள் அம்மா அந்தப் பஸ்ஸில்தான் சித்தாள் வேலைக்குப் போகிறார். அடுத்த வாரத்துக்கு இட ஒதுக்கீடு என்று அறிவித்தேன். பயந்துபோய் நானே நிறுத்திவிட்டேன். 'பள்ளிக்கூடத்துல அரசியல் வேண்டாம் டீச்சர்' என்கிறார் தலைமை ஆசிரியர். 45 நிமிடத்தில் இதை முறையாகச் செய்ய முடியுமா? எந்தத் தலைப்பைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? என் கருத்தைப் பிள்ளைகள் கேட்டால் சொல்லலாமா? மாவட்ட அளவிலான போட்டிக்கும் இரண்டு பேரை அனுப்ப வேண்டியிருக்கிறது.

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாணவி அழுதாள் என்றால் அந்தத் தலைப்பு அவள் வீட்டுக்குள் இருக்கிறது என்று பொருள். பொருளியலைப் பாடப்புத்தகத்திலிருந்து வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் நாம் எல்லோரும் பாடுபடுகிறோம். ஆனால் அங்கே போவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். கல்லூரியில் பொருளியல் நடத்திக்கொண்டே விவாத அணிகளுக்கும், பின்னாளில் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் எனக்குச் சரி என்று பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி. இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பையனை வகுப்பில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். டீக்கடையிலும் பஸ்ஸிலும் பெரியவர்கள் பேசிக் காதில் விழுந்த சொல்லைத்தான் அவன் சொல்லியிருக்கிறான். அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு நியாயமான கேள்வி இருக்கக்கூடும்: 'எங்க அப்பாவும் கூலி வேலைக்குத்தான் போறார். அவருக்கு மட்டும் ஏன் டிக்கெட்?' இதைக் கேள்வியாகக் கேட்க அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஏளனமாக வந்துவிட்டது. அடுத்த வகுப்பில் அவன் வாயாலேயே அதைக் கேள்வியாகக் கேட்க வையுங்கள். அந்தப் பெண்ணிடம், அவள் வீட்டுக் கதையை வகுப்பில் சொல்ல வேண்டிய கட்டாயம் எப்போதும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அம்மாவின் வேலையைப் பொதுவில் வைத்து நியாயம் கேட்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

இனி விவாதத்துக்கு வருவோம்.

நம் பிள்ளைகளுக்குப் பேச்சு ஒன்றும் புதிதில்லை. பொங்கல், தீபாவளி என்றால் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள். சபைக்கூச்சம் போக, நேரம் அறிந்து நிறுத்த, கேட்பவர்களைச் சிரிக்க வைக்க அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் பட்டிமன்றத்தில் நடுவர் கடைசியில் இரண்டு பக்கத்தையும் அணைத்துப் பேசி முடித்துவிடலாம். குடும்பத்துக்குத் தேவை பணமா பாசமா என்ற தலைப்பில் அது முடியும். பொருளாதாரக் கேள்வியில் முடியாது. ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவதா வேண்டாமா என்று யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒதுக்கினால் இன்னொன்றுக்குக் குறையும். தேவைகள் பல, வளமோ குறைவு, எனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணத்தைப் பிளஸ் ஒன் புத்தகத்தில் நீங்களே நடத்துகிறீர்கள். அதுதான் ஒவ்வொரு விவாதத்துக்கும் அடித்தளம்.

ஆகவே தலைப்பைத் தீர்மான வடிவில் வையுங்கள். 'கட்டணமில்லாப் பேருந்து நல்லதா கெட்டதா' என்பது மிகவும் அகலம். 'சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குள்ள கட்டணமில்லாப் பயணத்தை, மாதம் இவ்வளவு வருமானத்துக்குக் கீழே உள்ள ஆண்களுக்கும் அரசு நீட்டிக்க வேண்டும்' என்று வைத்துப் பாருங்கள். யார் செய்வது, யாருக்குச் செய்வது, எந்தப் பேருந்தில் என்பதெல்லாம் தெளிவாகிவிடும். அந்தப் பையனின் கேள்வியும் மரியாதையாக உள்ளே வந்துவிடும். மாற்றுத் திறனாளிகளுக்கும் திருநங்கையருக்கும் ஏற்கெனவே இந்தச் சலுகை இருக்கிறது என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கொண்டுவரும். அப்போது 'யாருக்கு, எந்த அடிப்படையில்' என்ற கேள்விக்கு வகுப்பு தானாகவே வந்து சேரும்.

முதல் வாரம் யாரும் பேச வேண்டாம். தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, அதைப் பற்றி மனதில் தோன்றுவதை ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஒரே வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். சீட்டுகளை வாங்கி நீங்கள் படித்துக்கொண்டே போக, பலகையில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். 'நடந்ததா?' என்பது முதல் பத்தி. 'அதனால்தான் நடந்ததா?' இரண்டாவது. 'அது சரியா?' மூன்றாவது.

'எங்க ஊர்ப் பஸ் முன்ன மாதிரி நேரத்துக்கு வர்றதில்ல' என்று ஒரு சீட்டு வரும். அது முதல் பத்தி. நேரப் பலகையையும் பஸ்ஸையும் பார்த்தால் தெரிந்துவிடும். 'இந்தத் திட்டம் வந்த பிறகு பெண்கள் நிறைய வேலைக்குப் போகிறார்கள்' என்று ஒன்று வரும். வேலைக்குப் போவது கூடியதா என்பது முதல் பத்தி, பஸ்ஸால்தான் கூடியதா என்பது இரண்டாவது. கொரோனா ஊரடங்கு முடிந்து எல்லாம் திறந்த காலமும் அதுதான் என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும். அந்தப் பிள்ளையைத் தட்டிக் கொடுங்கள். காரணத்தையும் காலத்தையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பொருளியலில் பாதி வந்துவிட்டது. 'ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயமா' என்ற சீட்டு மூன்றாவது பத்திக்குப் போகும். அதை எந்தப் புள்ளிவிவரமும் தீர்த்து வைக்காது. எது நியாயம் என்று வாதாடித்தான் தீர்க்க வேண்டும்.

உங்கள் பாடத்தில் இயல்புரை அறிவியல் (உள்ளதை உள்ளபடி சொல்வது), நெறியுரை அறிவியல் (எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது) என்று வருகிறதே, அது இதுதான். தேர்வுக்காக வேறுபடுத்தி எழுதிவிட்டுப் பிள்ளைகள் மறந்துவிடும் பகுதி, கண் முன்னால் பலகையில் வேலை செய்வதைப் பார்ப்பார்கள். வகுப்பில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை, ஒருவர் முதல் பத்தியில் நின்றுகொண்டும் இன்னொருவர் மூன்றாவதில் நின்றுகொண்டும் பேசுவதால் வருபவை. அந்த நேரத்தில் 'நீ எந்தப் பத்தியில் பேசுகிறாய்?' என்று கேளுங்கள். குரல் தானாக இறங்கிவிடும்.

இரண்டாம் வாரம் எண்கள். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் 'கோடி' என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகளுக்கு ஒரு மலைப்பு. அந்த மலைப்பை வைத்தே எதையும் நம்ப வைத்துவிடலாம். 2024-25 பட்ஜெட்டில், விடியல் பயணம் எனப்படும் இந்தக் கட்டணமில்லாப் பேருந்துத் திட்டத்துக்கு 3,050 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பெரிய தொகை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தலைக்கு வருடத்துக்கு 420 ரூபாய் சொச்சம், மாதத்துக்கு 35 ரூபாய். அதே திட்டத்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஆதரவு அணி குதிக்கும். குதிக்கட்டும். உடனே எதிரணிக்குச் சொல்லிக் கொடுங்கள்: சராசரி என்றால் யார் யாரைச் சேர்த்து? தினமும் இரண்டு பஸ் மாறிப் போகும் பெண்ணும் மாதம் ஒருமுறை கோயிலுக்குப் போகும் பெண்ணும் அதில் இருக்கிறார்களா? எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்த ஊரில்? நகரப் பேருந்தே எட்டிப் பார்க்காத கிராமத்துப் பெண்ணுக்கு மிச்சம் எவ்வளவு? அவள் தனியார் மினி பஸ்ஸில் காசு கொடுத்துத்தானே போகிறாள்?

இப்படி ஒரே எண்ணை இரண்டு அணியும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்கப் பழகினால் போதும். வாட்ஸ்அப்பில் வரும் எண்ணை அப்படியே வாசிப்பது தானாக நின்றுபோகும். எண்களுக்கு நம்பகமான இடம் எது என்று கேட்பீர்கள். மானியக் கோரிக்கையின்போது, அதாவது தன் செலவுக்கான பணத்துக்கு ஒப்புதல் கேட்கும்போது, ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இருக்கிறது, அரசு இணையதளத்தில் கிடைக்கும். பத்துப் பக்கம் அச்செடுத்து வகுப்பில் வையுங்கள். அதில் அரசு தன் பக்கத்தைத்தான் சொல்லும் என்பதால், அதே துறையைப் பற்றி இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை ஏதாவது இருந்தால் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் படித்த பிள்ளைக்கு யாரும் உரை எழுதித் தர வேண்டியதில்லை.

மூன்றாம் வாரம்தான் பேச்சு. இதற்கு நான் வைக்கும் விதி ஒன்றே ஒன்று, அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எதிரணியின் வாதத்துக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அந்த வாதத்தை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரணியில் பேசியவர் 'ஆமா, அதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளும் வரைக்கும் பதில் கிடையாது.

ஒரு பயிற்சி வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இதே பஸ் தலைப்புதான். ஒரு மாணவி பேசி முடித்தாள். எதிரணிப் பையன் எழுந்து, 'பஸ் காசு மிச்சமாகுது, அது குடும்பத்துக்கு உதவுதுன்னு சொல்றாங்க' என்றான். அவள் தலையை ஆட்டினாள்: 'நான் அதைச் சொல்லல.' அவன் மறுபடியும் முயன்றான்: 'மிச்சமாகுற காசை அவங்களே வெச்சுக்கலாம்.' 'அதுவும் இல்ல.' வகுப்பில் சத்தமே இல்லை. கடைசியில் அவளே சொன்னாள்: 'எங்க அம்மா எங்க போறதுன்னாலும் பஸ்ஸுக்குக் காசு கேக்கணும். கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. இப்ப கேக்க வேண்டியதில்ல.' பையன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, 'யார்கிட்டயும் அனுமதி கேக்காம போக முடியுதுன்னு சொல்றாங்க' என்றான். 'ஆமா' என்றாள்.

அதற்குப் பிறகு அந்த விவாதம் வேறு தளத்துக்குப் போய்விட்டது. குடும்பத்துக்குள் பணம் யார் கையில் இருக்கிறது, முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதைக் குடும்பத்தின் உள் பேரம் என்ற கோணத்தில் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் போன்றவர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் கோட்பாட்டின் பெயர்கூடத் தெரியாத ஒரு பிளஸ் ஒன் மாணவி அதைச் சொன்னாள், எதிரணிக்காரன் அதைப் புரிந்துகொண்டான். புரிந்துகொண்ட பிறகும் அவன் எதிர்த்துத்தான் பேசினான்: 'அப்படின்னா காசை அவங்க கையிலயே கொடுத்துடலாமே, பஸ் வராத ஊருக்கும் அது போய்ச் சேருமே?' நல்ல வாதம். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து கொடுக்கப்படுவதை இன்னொரு பிள்ளை எடுத்துச் சொல்ல, பொருளாகக் கொடுப்பதா பணமாகக் கொடுப்பதா என்று மணி அடிக்கும் வரைக்கும் போனது.

நன்னூல் பாயிரத்தில் 'எழுவகை மதம்' என்று ஒரு சூத்திரம் உண்டு (மதம் என்றால் இங்கே கொள்கை). உடன்படல், மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்பு களைதல், தான் ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலில் குற்றம் காட்டல், பிறரோடு சேராமல் தன் கொள்கையைக் கொள்ளல். நூல் செய்பவனுக்குச் சொன்னது என்றாலும் வாதாடுபவனுக்கு அச்சு அசலாகப் பொருந்தும். ஏழில் முதலாவது உடன்படல் என்பதைக் கவனியுங்கள். நம் போட்டி மேடைகளில் பிள்ளைகளுக்கு மறுத்தலும் குற்றம் காட்டலும் மட்டும்தான் பழக்கப்படுத்தப்படுகின்றன. உங்கள் பள்ளித் தமிழாசிரியரை ஒரு பாடவேளை கூப்பிட்டு இந்தச் சூத்திரத்தை நடத்தச் சொல்லுங்கள். மதிப்பெண் போடும்போது 'எதிரணி சொன்னதில் இதை ஒப்புக்கொள்கிறோம்' என்று சொன்ன அணிக்குத் தனியாக மதிப்பெண் போடுங்கள். அடுத்த வாரமே மாற்றம் தெரியும்.

மனப்பாடப் பிரச்சினைக்கும் இதுவே மருந்து. எழுதிக் கொடுத்த உரையில் எதிரணி என்ன சொல்லப்போகிறது என்பது இருக்காது. திருப்பிச் சொல்லும் விதி வந்ததும் ஒப்பித்தல் ஓடிவிடும். கூடவே, கையில் ஓர் அட்டை, அதில் ஐந்து சொல்லுக்கு மேல் கூடாது என்று வையுங்கள். 'அவைக்கு வணக்கம், தமிழுக்கு வணக்கம்' என்று ஒரு நிமிடம் போவதையும் வகுப்பில் தவிர்க்கச் சொல்லுங்கள். ஒரு வணக்கம் போதும். ஆளுக்கு இரண்டு நிமிடம், பதிலுக்கு ஒரு நிமிடம் என்றால் 45 நிமிடத்தில் எட்டுப் பேர் பேசலாம். மற்றவர்கள் சும்மா உட்கார வேண்டாம்; யார் சொன்னது தன் எண்ணத்தை அசைத்தது என்று சீட்டு எழுதித் தரட்டும். வாய் திறக்காத பிள்ளைகள் எவ்வளவு கூர்மையாகக் கேட்கிறார்கள் என்று அந்தச் சீட்டுகளில்தான் தெரியும்.

எந்தத் தலைப்பு என்று கேட்டிருந்தீர்கள். மதுவிலக்கை எடுங்கள் என்பேன், ஆனால் முன்னேற்பாட்டோடு. பொருளாதாரமும் சமூகமும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிக் கிடக்கும் தலைப்பு நம் மாநிலத்தில் வேறு இல்லை. 1937-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. போன வருவாயை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டது. 1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24-ல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

இதில் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டிய முடிச்சு ஒன்று இருக்கிறது. ராஜாஜியால் புதிதாக ஒரு விற்பனை வரி போட முடிந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு ஒரு மாநிலம் தன் இஷ்டத்துக்கு அப்படி ஒரு பொது வரி போட முடியாது. மனிதர் அருந்தும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. பெட்ரோல், டீசலும் அப்படித்தான். மாநிலம் தானே கூட்டிக் குறைக்கக்கூடிய பெரிய வரிகள் மிகச் சிலவே மிச்சம், அதில் ஒன்று மது. கடையை மூடு என்று பேசும் அணி அந்த 45,000 கோடிக்கு வழி சொல்லியாக வேண்டும். மூடாதே என்று பேசும் அணி, கடைக்குப் போன கூலியால் வீட்டில் எரியாத அடுப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது என்பதற்கும் பதில் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்ததை இரண்டு அணியுமே எடுத்துப் பேசும். மூடினால் இதுதான் பெருகும் என்று ஓர் அணி. கடை திறந்திருக்கும்போதே இது நடந்ததே, அப்புறம் கடை எதற்கு என்று மற்றொன்று.

முன்னேற்பாடு என்றேனே, அது இதற்குத்தான்: உங்கள் வகுப்பில் குடிக்கும் அப்பா உள்ள பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். சொந்த வீட்டு உதாரணம் வேண்டாம், எண்ணும் சட்டமும் வரலாறும் போதும் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். குடிப்பவரைக் கேலி செய்து யாராவது நடித்துக் காட்டினால் அந்த இடத்திலேயே தடுங்கள். பேச விருப்பமில்லாத பிள்ளைக்குக் காரணம் கேட்காமல் நேரக் கணிப்பாளர் வேலையைக் கொடுங்கள்.

இட ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை நீங்கள் நிறுத்தியது சரிதான். ஒரு பிள்ளை இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கான உரிமையையே தீர்மானமாக வைத்து, சீட்டுக் குலுக்கி 'நீ எதிர்த்துப் பேசு' என்று சொல்லக் கூடாது. வகுப்பறைச் சாதிப் பகை அரிவாளோடு வீட்டுக்குள் நுழையும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். அதற்காக அந்தப் பொருளையே தொடாமல் விட்டால், பிள்ளைகள் அதைச் சாதிச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கற்றுக்கொள்வார்கள். எனவே முதலில் அதைப் பாடமாக நடத்துங்கள். 1951-ல் சாதிவாரி ஒதுக்கீட்டு ஆணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் தீர்ப்பு வந்ததும், அதைத் தொடர்ந்து ஒதுக்கீட்டுக்கு வழிவிட முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்ததும், 1992-ல் மண்டல் வழக்கில் ஒதுக்கீட்டுக்கு 50 சதவீத வரம்பு வந்ததும், தமிழ்நாட்டின் 69 சதவீதம் 1994-ல், சட்டங்களுக்கு நீதிமன்றத்தில் பாதுகாப்புத் தருவதற்காக உள்ள அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியதும் தெரியாமல் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை வாதாட முடியாது.

பாடம் நடத்திய பிறகு குறுகலான ஒரு தீர்மானத்தை எடுங்கள். 'மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும்.' 2020-ல் வந்த இந்தச் சட்டத்தால் பயன் பெறுவது உங்கள் மாணவர்களேதான். அதைத் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்பவர்களோ அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அங்கேயும் ஏழைப் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். தன் கையில் இருப்பதை இன்னொருவர் நியாயமாகக் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்று யோசித்துப் பார்த்த பிள்ளைக்கு ஒதுக்கீடு என்ற கருத்தே வேறு மாதிரி புரியும். யாருடைய சாதியும் பேச்சில் வர வேண்டிய தேவையும் இருக்காது.

தலைமை ஆசிரியரின் பயம் நியாயமானது, அவரை எதிராளியாக நினைக்காதீர்கள். பெற்றோர் யாராவது வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தீர்மானம், எந்த ஆவணத்தை வைத்துப் பேசுகிறார்கள், என்ன விதி என்று அரைப்பக்கம் எழுதி முன்கூட்டியே அவரிடம் கொடுங்கள். விதிகளில் இதைக் கட்டாயம் சேருங்கள்: கட்சிப் பெயர், தலைவர் பெயர், கொடி, சின்னம் எதுவும் வாதத்தில் வரக் கூடாது, 'அரசு', 'திட்டம்', 'சட்டம்' என்றுதான் பேச வேண்டும். வரலாறு சொல்லும்போது மட்டும் பெயர் வரலாம். முதல் விவாதத்துக்கு அவரையே நடுவராக உட்கார வையுங்கள். பிள்ளைகள் மானியக் கோரிக்கையைப் பற்றிப் பேசுவதை ஒருமுறை கேட்டுவிட்டால் அவரே அடுத்த தலைப்பு என்ன என்று கேட்பார்.

உங்கள் கருத்தைச் சொல்லலாமா? விவாதம் முடியும் வரை சொல்ல வேண்டாம். ஆசிரியர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வகுப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், மீதிப் பாதி வாயை மூடிக்கொள்ளும். முகத்தில்கூடத் தெரியக் கூடாது. பிடித்த வாதம் வரும்போது தலையாட்டுவதை நாம் அறியாமலே செய்கிறோம், அதைக் கவனியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு பிள்ளைகள் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். 'நான் இந்தப் பக்கம், இந்தக் காரணத்தால். இன்ன தகவல் கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கருத்து வைத்திருப்பது எப்படி என்று பிள்ளைகள் பார்க்க வேண்டியது நம்மிடம்தான். ஒரே ஒரு விலக்கு உண்டு. தீண்டாமை சரியா, பெண் படிக்க வேண்டுமா போன்றவை விவாதத் தலைப்பே இல்லை. அவற்றில் முதல் நிமிடத்திலேயே ஆசிரியர் எந்தப் பக்கம் என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

மாவட்டப் போட்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆனால் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லி அனுப்புங்கள். உச்சரிப்புக்கும் உடல்மொழிக்கும் நினைவாற்றலுக்கும் மதிப்பெண் போடும் நடுவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். திருப்பிச் சொல்லி, ஒப்புக்கொண்டு, பிறகு மறுக்கும் பிள்ளை அங்கே முதல் வருடம் தோற்கலாம். சபைக்கு ஏற்றபடி தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் நன்றாகத் தயார் செய்து கொடுங்கள், நடுவில் இருப்பது அவர்களுடையதாகவே இருக்கட்டும். அனுப்பும் இருவரில் ஒருவர் நன்றாகப் பேசுகிறவராகவும் மற்றவர் நன்றாகக் கேட்கிறவராகவும் இருப்பது நல்லது. பதில் சொல்லும் நிமிடத்தை இரண்டாமவருக்குக் கொடுங்கள்.

இந்தப் பருவத்துக்கு மூன்று தீர்மானம் போதும், ஒவ்வொன்றுக்கும் மூன்று வெள்ளிக்கிழமை. பஸ்ஸை மறுபடியும் முதலிலிருந்து எடுங்கள், இந்த முறை ஆண்களுக்கு நீட்டிப்பது பற்றி. இரண்டாவது, காலை உணவுத் திட்டத்தை உங்கள் பள்ளி போன்ற மேல்நிலைப் பள்ளிகளுக்கும் கொண்டுவர வேண்டுமா என்பது. 2022-ல் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்த திட்டம், செலவுக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுவிடலாம். மதுவிலக்கை மூன்றாவதாக வையுங்கள், அதற்குள் திருப்பிச் சொல்லும் விதி பழகியிருக்கும். 7.5 சதவீதத் தீர்மானத்தை அடுத்த பருவத்தில், வரலாற்று ஆசிரியரையும் கூட வைத்துக்கொண்டு எடுங்கள். பஸ் விவாதம் முடிந்ததும் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் சிலவற்றை, பெயரில்லாமல், எனக்கு அனுப்பி வையுங்கள். அவற்றைப் பார்த்தால் அடுத்த தீர்மானத்தை எப்படி வார்ப்பது என்று சேர்ந்து யோசிக்கலாம்.